மூட்டையை அவிழ்க்கக் கூடாது

“ஏனுங்க மேடம், நீங்க எழுதற ரூல்ஸ மூட்டை படிக்குமுங்களா?”

கட்டிங் செக்‌ஷன் இன்சார்ஜ் பழனிச்சாமி அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டு இரண்டு வருடம் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கையில் ஃபைல், கழுத்தில் ஐடி கார்டு. கட்டிங் டேபிளைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உள்ளுக்குள் மட்டும் ஒரு வீம்பு. இருங்கள், படிக்க வைக்கிறேன்.

எனக்கு வீம்பு கொஞ்சம் அதிகம்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைச் சேர்ப்பதற்காகத்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து டிகிரி வாங்கி, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கொஞ்சம் தலை கனக்காதா?

என் வேலைக்குப் பெயர் கம்ப்ளையன்ஸ். என்ன வேலை அது என்று கேட்கிறவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: அரசாங்கமும் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரும் போடுகிற விதிகளை எங்கள் கம்பெனி ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். நிஜத்திலும் காட்ட முடிந்தால் நல்லது.

இந்த ஊரில் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. சாயத் தண்ணீருக்கு விதி. கொதிகலன் புகைக்கு விதி. நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் மூன்று கையெழுத்து. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கண்ணுக்குள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பையர் கதை வேறு. போன மாதம் ஒரு மெயில். பூமியைக் காப்பாற்ற அவர்கள் உறுதி எடுத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு சட்டையிலும் கியூஆர் கோடு வேண்டுமாம், வாங்குகிறவர் ஸ்கேன் செய்தால் பஞ்சு விளைந்த ஊர் முதல் எல்லாம் தெரிய வேண்டுமாம். நல்ல விஷயம். அதே மெயிலின் கடைசி வரி — ‘ஷிப்மென்ட் தாமதமாகிவிட்டதால் சரக்கை விமானத்தில் அனுப்பவும்.’

சட்டையின் நெஞ்சில் என்ன பிரின்ட் தெரியுமா? ஒரு பச்சை இலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பனியன் துணியை வெட்டும்போது ஓரங்களில் துண்டுகள் மிஞ்சும். கட்டிங் வேஸ்ட். அது மூட்டை மூட்டையாக வேஸ்ட் குடோன்களுக்குப் போகும். அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் தனியாக, ரகம் தனியாகப் பிரிப்பார்கள். சுத்தமான காட்டன் துண்டுகள் மில்லுக்குப் போய், பஞ்சாகப் பிய்க்கப்பட்டு, மறுபடி நூலாகும். ‘மறுசுழற்சி’ என்று இப்போது உலகமே பேசுகிறதே, அது திருப்பூரில் எங்கள் மண்ணரைப் பகுதியில் அந்தப் பெயர் தெரியாமலேயே ரொம்ப காலமாக நடந்துகொண்டிருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால் — என் அம்மா அப்படி ஒரு குடோனில்தான் வேலை செய்கிறார். எங்கள் கம்பெனி வேஸ்ட் போகிற அதே குடோன். அம்மாவோடு சேர்த்து ஒன்பது பெண்கள்.

இந்த வருடம் ஜவுளிக் கழிவுக்கென்று அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. கழிவைத் தொழிற்சாலையிலேயே ரகம் பிரித்துவிட வேண்டும். பிரித்த மூட்டைக்கு முத்திரை வைக்க வேண்டும். முத்திரை வைத்த மூட்டையை மில் வரைக்கும் நடுவில் யாரும் திறக்கக் கூடாது. யாராவது திறந்து வேறு எதையாவது கலந்துவிட்டால் கணக்கு தெரியாமல் போய்விடும் என்பது அவர்கள் நியாயம். படித்துப் பார்த்தபோது எனக்கும் நியாயமாகத்தான் தெரிந்தது.

வரைவுதான். இன்னும் சட்டம் ஆகவில்லை. ஆனால் எங்கள் மேனேஜருக்கு ஓர் ஆசை. “நாம முன்னாடியே ரெடியாயிடலாமுங்க. பையருக்கும் காட்டலாம்.” எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

எழுதினேன். எத்தனை அழகாக எழுதினேன்! கட்டிங் செக்‌ஷனில் காட்டனுக்கு வெள்ளை மூட்டை, கலப்புத் துணிக்கு நீல மூட்டை. படம் போட்டு, லேமினேட் செய்து, சுவரில் ஒட்டினேன். குடோனுக்கு ஒரே ஒரு வரி. வரைவிலிருந்ததைத் தமிழாக்கிக் கொட்டை எழுத்தில் போட்டேன் — ‘மூட்டையை அவிழ்க்கக் கூடாது.’ வந்த மூட்டையை எடை போட வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

குடோனுக்கே போய் ட்ரெய்னிங் கொடுத்தேன். மேனேஜர் பக்கத்தில் நின்றார். ஒன்பது பெண்களும் எழுந்து நின்று கேட்டார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தர். அம்மாவுக்கு நான் ட்ரெய்னிங்! அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல... போட்டோ எடுத்து ஃபைலிலும் வைத்தேன்.

அவிழ்க்கக் கூடாது என்றால் அந்த ஒன்பது பேருக்கு அங்கே என்ன வேலை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மற்ற கம்பெனிகளின் வேஸ்ட் இருக்கிறதே, அதைப் பிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாக் கம்பெனியும் இதையே செய்தால்? அதையும் யோசிக்கவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மில்லிலிருந்து போன். முத்திரை வைத்து அனுப்பிய முதல் லோடு அப்படியே திரும்பி வருகிறது. காட்டன் என்று எழுதியிருந்த மூட்டைகளுக்குள் லைக்ரா. இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுமே, அந்தத் துணி. பிய்க்கிற மெஷினின் ரோலரில் சுற்றிக்கொண்டு மெஷினே நின்றுவிட்டதாம்.

மேனேஜர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “குடோன்ல கலந்துட்டாங்க. படிக்காத பொம்பளைங்க... மூட்டை சீல உடைச்சு எதையாச்சும் திணிச்சிருப்பாங்க. விடுங்க, அந்த குடோன லிஸ்ட்டுல இருந்து தூக்கிருவோம். மெஷின்ல பிரிக்கற கம்பெனி ஒண்ணு கேட்டுட்டே இருக்கறாங்க, அவங்களுக்குக் குடுத்தரலாம். நீங்க ரிப்போர்ட்ட மட்டும் எழுதிருங்க.”

படிக்காத பொம்பளைங்க. அதில் ஒருத்தர் யார் என்று மேனேஜருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. ஏன் சொன்னதில்லை? அந்தக் கேள்வியை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்... இல்லை, இன்றே சொல்லிவிடுகிறேன். வெட்கம். வேறொன்றுமில்லை.

ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் இருக்கும்: தவறு நடந்த காரணம். ‘குடோன் பணியாளர் அலட்சியம்’ என்று மூன்று வார்த்தை எழுதினால் முடிந்தது. ஒன்பது பேர் வேலையும் அதோடு முடிந்தது. எங்கள் கம்பெனி விட்டால் அந்த குடோனில் பாதி வேலை இல்லை; மீதிப் பாதியை வைத்துக் குடோன் ஓடாது.

நேராகத் திரும்பி வந்த லோடைப் போய்ப் பார்த்தேன். மில்லில் பிரித்த ஒன்றிரண்டைத் தவிர மற்ற முத்திரைகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. அப்படியானால் லைக்ரா எப்படி உள்ளே போனது?

ஒரு வெள்ளை மூட்டையை அறுத்துக் கொட்டினேன். உள்ளே இருபது முப்பது சின்னச் சின்னக் கட்டு. ஒவ்வொரு டேபிளிலும் சேருகிற வேஸ்ட்டை ஒரு கட்டாகக் கட்டித்தான் மூட்டைக்குள் போடுவார்கள். பிரித்துப் பார்த்தேன். அத்தனையும் காட்டன்தான். வெள்ளை வெளேரென்று சுத்தமான காட்டன்.

அப்புறம் அவிழ்த்துக் கையில் வைத்திருந்த கயிற்றைப் பார்த்தேன்.

கயிறு இல்லை அது. கழுத்துப் பட்டிக்கு வைக்கிற லைக்ரா ரிப் துணியில் கிழித்த நாடா. அதுவும் வெள்ளை. ஒரு கட்டுக்கு ஒன்று.

பழனிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அண்ணா, இதுல ஏங்ண்ணா கட்டறீங்க?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “வேறெதுல மேடம் கட்டறது? நூல்ல கட்டுனா அறுந்து போகுது. காட்டன் பிட்டுல கட்டுனா நழுவீருது. லைக்ரான்னா ஒரு இழு இழுத்து முடிச்சுப் போட்டாப் போதும், கப்புனு புடிச்சுக்குமுங்க. திருப்பூரு பூராவும் இப்படித்தானுங்க கட்டறாங்க.”

“காட்டன் மூட்டைக்குள்ள லைக்ரா போகக் கூடாதுன்னு சொவத்துல ஒட்டியிருக்கேனே அண்ணா!”

“வேஸ்ட்டுல லைக்ரா கலக்கலீங்களே. இது கட்டுதானுங்க?”

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். கட்டுகிறது வேறு, கட்டப்படுகிறது வேறு. எங்கள் ஊர் கட்டிங் டேபிளில் நின்ற எவரும் இதைத் தவறு என்று சொல்ல மாட்டார்கள். என் லேமினேட் செய்த சுவரொட்டியில் துணிக்கு ரகம் உண்டு, நிறம் உண்டு, படம் உண்டு. கட்டுக்கு ஒரு வரி இல்லை.

ஆனால் இத்தனை வருடமாக இதே கட்டுதானே? இத்தனை வருடமும் மில்லில் ரோலர் நிற்கவில்லையே?

கேள்வி தோன்றிய அடுத்த நிமிடமே பதில் தெரிந்துவிட்டது. தெரிந்தும், யாராவது வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது. மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு குடோனுக்குப் போனேன்.

சாப்பிட்டு முடித்து, வேஸ்ட் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்தார்கள். அம்மா எழவில்லை. தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“என்ன கண்ணு, இந்நேரத்துல? ஒடம்புக்கு ஆகலியா?”

நாடாவை நீட்டினேன். “இது உங்களுக்குத் தெரியுமா?”

அம்மா கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொள்ளக்கூட இல்லை. பார்த்த உடனே சொன்னார். “கட்டு நாடா. லைக்ரா. இத மொதல்ல உருவித் தனியாப் போட்டுட்டுத்தான் மத்ததுல கையே வெப்போம்.”

“தனியா எங்கே?”

“கால்மிதி பின்றவங்க வந்து அள்ளீட்டுப் போவாங்க.”

அவ்வளவுதான். மூட்டை வந்ததும் அவிழ்ப்பார்கள். கட்டுகளைப் பிரிப்பார்கள். நாடாவை உருவி ஓரமாக எறிவார்கள். அதற்கப்புறம்தான் வேலை ஆரம்பம். ரொம்ப காலமாக மில்லின் ரோலர் நிற்காமல் ஓடியது இந்த ஒன்பது ஜோடிக் கைகளால். அந்தக் கைகளைக் கட்டிப் போட்டது என்னுடைய ஒரு வரி.

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல? வீட்டுலயாவது சொல்லியிருக்கலாமே?”

அம்மா போசியின் மூடியைத் தேடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ருக்மணி அக்காதான் வாயைத் திறந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மனசில் எதையும் மூடி வைக்கத் தெரியாது.

“ஏ பிள்ள, சொல்லலன்னு சொல்லாத பாத்துக்க. டவுட் எதும் இருக்கான்னு கேட்டேல்லா? நான் கையத் தூக்குனேன். நீ வாட்ச்சப் பாத்துட்டு, நேரமாச்சு, அப்புறம் பேசலாம்னுட்டுப் போட்டாவுக்கு நிக்கப் போயிட்ட.”

எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

“அக்கா, நான்...”

“அது கெடக்கட்டும். உங்கம்மாட்ட ஒன்னு கேளு. அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட போன்ல என்ன சொன்னாவன்னு.”

அம்மா போசியை மூடிக்கொண்டிருந்தார். “சும்மா இரு ருக்கு.”

“நான் சொல்லுதேன். எம்புள்ள எழுதுனதுல தப்பு இருக்காது, அதுல என்னமோ காரணம் இருக்கும்னு சொன்னாவ.”

இப்போது அம்மா என்னைப் பார்த்தார். “நீ அத்தன பெரிய மனுசங்க கூட நின்னு பேசீட்டு இருந்தே. எனக்கு அதப் பாக்கவே நேரம் சரியாப் போச்சு கண்ணு. ரூல்ஸு யாரு கேட்டா?”

திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆபீஸ் திரும்பி ரிப்போர்ட் எழுதினேன். தவறு நடந்த காரணம்: ‘நடைமுறையை எழுதியவர் கட்டுப் பழக்கத்தைக் கவனிக்கவில்லை. குடோனில் மூட்டையை அவிழ்த்துப் பிரிக்கும் வேலையைத் தடுத்தது தவறு.’ எழுதியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, இது பையர் ஆடிட்டுக்குப் போகற பேப்பருங்க. உங்க பேருல ரிமார்க் வந்துருமுங்க. குடோன்னு எழுதுனா ஒருத்தருக்கும் நோகாதுல்ல?”

“ஒன்பது பேருக்கு நோகுமுங்க சார். அதுல ஒருத்தர் எங்கம்மா.”

சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் சொல்லாததை. அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நல்ல மனிதர்தான். காலையில் என்ன பேசினோம் என்று யோசித்திருப்பார் போல. அப்புறம், “டீ சாப்பிடறீங்களா?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இதுவே ஒரு மன்னிப்பு.

ரிமார்க் வந்துவிட்டது. இந்த வருட இன்க்ரிமென்ட் லிஸ்ட்டில் அது எங்கே உட்காரும் என்று எனக்குத் தெரியும். போகட்டும். குடோன் லிஸ்ட்டில் நிற்கிறது. திரும்பி வந்த லோடை அவர்களே அவிழ்த்து, நாடா உருவி, மறுபடி அனுப்பினார்கள். மில்லிலிருந்து போன் வரவில்லை. எங்கள் தொழிலில் போன் வராவிட்டால் பாராட்டு என்று அர்த்தம்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. அதுதான் அலுப்பு.

எங்கள் கம்பெனிச் சுவரில் ஒட்டிய காகிதத்தை நான் கிழித்துவிடலாம். அரசு வரைவில் அந்த வரி அப்படியே இருக்கிறது. நாளை அது சட்டமானால் எங்கள் மூட்டையை மட்டுமில்லை, ஊரில் எந்த மூட்டையையும் நடுவில் யாரும் தொட முடியாது. திருப்பூர் ராயபுரம் முதல் அவிநாசி வரைக்கும் இருக்கிற எல்லாக் கட்டிங் டேபிளிலும் லைக்ரா நாடாதான். ரோலர்கள் நிற்கும். மறுசுழற்சி நூல் நிற்கும். ‘படிக்காத பொம்பளைங்க கலந்துட்டாங்க’ என்று எல்லா ரிப்போர்ட்டிலும் எழுதுவார்கள். குப்பை குறைய வேண்டும் என்று போட்ட விதியால் நல்ல பஞ்சு குப்பைக்குப் போகும்.

அந்த வரைவை எழுதியவர் கெட்டவராக இருக்க மாட்டார். என்னைப் போலத்தான் இருப்பார். நன்றாகப் படித்திருப்பார், அழகாக எழுதியிருப்பார், நேரமாகிவிட்டதென்று வாட்சைப் பார்த்திருப்பார். விதி எழுதுகிறவர்கள் கண்ணில் மூட்டை எப்போதும் கட்டியபடியேதான் படுகிறது. அதை யார் அவிழ்க்கிறார்கள் என்று பார்க்க, குனிந்து தரையில் உட்கார வேண்டும். கழுத்தில் ஐடி கார்டு இருந்தால் குனிவது கொஞ்சம் கஷ்டம்.

வரைவு பற்றிக் கருத்துச் சொல்ல அடுத்த வியாழக்கிழமை கோவையில் ஒரு கூட்டம். பேச விரும்புகிறவர்கள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். கம்பெனி சார்பில் நீங்களே பேசிவிடுங்கள் என்றார் மேனேஜர். நான் பேசியது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்து அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு.

“நானு போயி மைக்குல என்ன பேசறது? போ கண்ணு...”

ருக்மணி அக்கா கூடவே இருந்தார். “நான் பேசுதேன். உங்கம்மா மூட்டைய அவுக்கட்டும். அவுக்கயில எல்லாவனுக்கும் தன்னால வெளங்கும்.”

“மூணு நிமிசத்துல ஆகுமாக்கா?”

“ஒரு மூட்டைக்கா? மீதி நேரத்துல அவங்க ரூல்ஸயும் பிரிச்சுப் போட்டுட்டு வந்துருவோம்.”

அம்மா வியாழக்கிழமைக்கு விரல் விட்டு நாள் எண்ணினார். பிறகு மெதுவாக, “அன்னைக்கு லீவு சொல்லோணும்... எந்தச் சேலைய கட்டறது?” என்றார். எனக்கு அது போதும்.

உடனே போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். இருவர் பெயரையும் போட்டேன். ஊர் போட்டேன். அடுத்து, பேசுகிறவர் யார் என்று ஒரு பட்டியல். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உற்பத்தியாளர். ஏற்றுமதியாளர். தொழிலதிபர் சங்கம். தன்னார்வ அமைப்பு. நிபுணர்.

தொழிலாளி இல்லை. மேலும் கீழும் இரண்டு முறை தேடினேன். ‘மற்றவை’கூட இல்லை.

இரண்டு பேருக்கும் ‘நிபுணர்’ என்று போட்டேன். ஒருமுறை சமர்ப்பித்துவிட்டால் எதையும் திருத்த முடியாது என்று கீழே சிவப்பில் எச்சரிக்கை இருந்தது.

நல்லதாகப் போயிற்று என்று அழுத்திவிட்டேன்.